இடது முன்கதவு

நாற்பத்தொன்றே கால் அங்குலம்.
மேல் விளிம்பு நேர். கீழ் விளிம்பு மட்டும்
போகப் போக ஏறி, கைப்பிடிக்கு அடியில்
பாதி விரலாக மெலிகிற எவர்சில்வர் பட்டி.
பதினாலு மாதமாக இதைத் தேடுகிறேன்.

வலது பக்கத்துக்கு வேண்டுமானால் மூன்று இருக்கிறது என்னிடம்.
ஆம்பூரில் ஒன்று, வாணியம்பாடியில் ஒன்று,
புதுப்பேட்டையிலிருந்து பார்சலில் ஒன்று.
"லெஃப்ட்தான் சார், திருப்பிப் பிடிங்க" என்றான் போனில்.
திருப்பிப் பிடித்தேன்.
வண்டி பின்பக்கம் தாழ்த்தி
பஸ்ஸுக்குக் காத்துக் குந்தியிருப்பது போல் இருந்தது.

ஆர்.சி. புத்தகத்தில் அது ஐம்பத்தெட்டு ஃபியட்.
எஞ்சின் மாருதி வேனுடையது.
சீட்டுக்கு ராணிப்பேட்டைத் தோல்,
ஷூ ஆகாமல் தள்ளுபடியானது.
மேல்விஷாரத்தில் ஜஹூருத்தீன் குடோனில்
கோழி அடைகாத்துக்கொண்டிருந்த பின்சீட்டோடு வாங்கினேன்.
பெயின்டை மூன்று முறை கலந்தும்
யாருக்கும் பெயர் சொல்லத் தெரியாத ஒரு நிறம்.
பள்ளிகொண்டா டோலில் கேட்டார்கள், "இது என்ன வண்டி?"
"என் வண்டி" என்றேன்.
அந்த ஒரு கதவு மட்டும்
பல் விழுந்த சிரிப்பாக வெயிலில் திறந்து மூடும்.

சைதாப்பேட்டையில், புங்கமரத்தடியில்,
என் ஆஸ்பத்திரிச் சட்டைகள் மூன்றைக் கொடுக்கப் போனவன்
இஸ்திரி வண்டியின் விளிம்பைப் பார்த்து
சட்டைகளைக் கீழே போட்டேன்.

மேல் விளிம்பு நேர்.
இடது.

"துணி மாட்டாம இருக்க அடிச்சது" என்றாள் தனக்கோட்டி.
"எடுத்தா ஆணி எட்டிப் பாக்கும். உனுக்கு இன்னாத்துக்கு?"
"காருக்கு."
"இது இல்லன்னா ஓடாதா?"
"ஓடும்."
"அப்புறம்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை.
ஆயிரம் தருகிறேன் என்றேன். இரண்டாயிரம்.
கங்கை ஊதி, பெட்டியை மூடி, ஒரு கால்சராயை முடித்துவிட்டுச் சொன்னாள்:
"துட்டு வேணா. இதே வழவழப்புல வேற ஒண்ணு.
அப்படியே அந்தப் பக்கத்துச் சக்கரம் இழுக்குது, பாரு."

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்.
காகிதப்பட்டறையில் கண்ணாடிக்கடை அலுமினியம்,
திருகின் தலை அமுங்கக் குடைந்து, அரம் போட்டு,
உப்புத்தாள் போட்டு, என் கன்னத்தில் தேய்த்துப் பார்த்து.
சக்கரத்துக்கு மொபெட் பேரிங்.
என் காரில் எந்த இடத்திலும் இவ்வளவு பொறுமை நான் காட்டியதில்லை.

யாரோ கொடுத்திருந்த பட்டுப்புடவை ஒன்றின் தலைப்பை
அவள் விளிம்பு நெடுக இழுத்தாள், மெதுவாக,
இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு.
ஒரு நூல் எழவில்லை.
"எடுத்துக்கோ."

மூன்று ஆணி ஓட்டை. கங்கு விழுந்து விழுந்து
நடுவில் ஒரு சாண் மயில்கழுத்து நீலம்.
பாலிஷ் போடுகிற தேவசகாயம் கையைத் துடைத்துக்கொண்டு
"ரெண்டு நிமிசத்துல எடுத்துடலாம்" என்றார்.
ஓட்டையை மட்டும் அடைக்கச் சொன்னேன்.
கிளிப்புகள் எங்கும் இல்லை. எட்டையும்
உடைந்த குடையின் கம்பியில் வளைத்தேன்.
எட்டாவது உட்காரும்போது "டக்" என்றது,
ராத்திரி பதினொன்றரைக்கு, வீட்டுக்குள்ளிருந்து
"முடிஞ்சுதா?" என்றாள் அமுதவல்லி,
வண்டியைச் சொல்கிறாளா, என்னையா, தெரியவில்லை.

காலையில் புங்கமரத்தடிக்கே ஓட்டிப் போனேன்.
தனக்கோட்டி பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தாள்.
நீலத்தைப் பார்க்கவில்லை. நிறத்தைக் கேட்கவில்லை.
ஒரு கண்ணை மூடிக்கொண்டு,
பதினோரு வருடம் அதன் ஓரமாகத் துணி இழுத்தவள்,
சொன்னாள்:
"பின்னால ஒரு நூலு எறக்கமா இருக்குது."

இருக்கிறது.
நேற்று வரை எனக்குத் தெரியாது.
இப்போது கதவைத் திறக்கும்போதெல்லாம்
அந்த ஒரு நூலைத்தான் பார்க்கிறேன்.